மாறுவது விதி, மாட்டுவது கூலிக்காரன்

சென்னையில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்கள், அங்கிருந்து ஆள் எடுக்க வந்தவர்கள், விசா வக்கீல்கள் என்று அறுபது எழுபது பேர். பேசுபொருள்: மாறிக்கொண்டே இருக்கும் வேலை விசா விதிகளுக்கு முதலாளிகள் எப்படி ஈடுகொடுப்பது. ஒரு தோழர் அழைப்பிதழ் வாங்கிக் கொடுத்தார், போயிருந்தேன். மூன்று மணி நேரம் மைக்கில் அழாத குறைதான். ஒரு நாட்டில் போன மாதம் ஒரு விதி, இந்த மாதம் ஒரு விதி, நாங்க எதைத்தான் பாக்கிறது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். இடையில் காபியும் முந்திரி பக்கோடாவும் வந்தன. 'தொழிலாளி' என்ற சொல் என் காதில் விழுந்தது ஒரே ஒரு முறை. அதுவும் 'ஓடிப்போகும் தொழிலாளி'.

என்னோடு எங்க தெருக்காரர் ஒருவரும் வந்திருந்தார். ரியாத்தில் சென்ட்ரிங் வேலை. அங்கே இருந்த கடைசி ஒண்ணே முக்கால் வருஷம் இக்காமா இல்லாமல், ராத்திரி மட்டும் வெளியே தலைகாட்டி வாழ்ந்தவர். கூட்டம் முடிந்து கீழே வந்து பீடி பத்தவைத்துக்கொண்டு கேட்டார்: "ஏண்ணே, விதி மாறுனதுல இவங்களுக்கு வந்ததுக்குப் பேரு கஷ்டம்னா, எனக்கு வந்ததுக்குப் பேரு என்ன?"

இந்தக் கேள்வியிலிருந்துதான் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். வேலை விசா என்பது தொழிலாளியின் சொத்து இல்லை. அவன் பெயர் அதில் இருக்கும், அவன் போட்டோ இருக்கும். விண்ணப்பதாரர் முதலாளி. வளைகுடாவானாலும் சிங்கப்பூரானாலும் அடிப்படை இதுதான். முதலாளி மனுப் போடுவார், முதலாளி புதுப்பிப்பார், முதலாளி ரத்து செய்வார். அரசாங்கத்தின் இணையப் பக்கத்தைத் திறக்கும் கடவுச்சொல் அவர் கையில். ஆக, விதி மாறினால் அதைத் தெரிந்துகொள்வது அவருக்கு ஒரு கூடுதல் சுமை என்று பேசுவதே பித்தலாட்டம். சாவி வைத்திருக்கிறவன்தான் பூட்டை மாற்றியது தெரியாது என்கிறான்!

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆம் பிரிவு, இக்காமா கட்டணம், வேலை அனுமதிக் கட்டணம், இரண்டையும் புதுப்பிக்கிற செலவு, தாமதமானால் விழுகிற அபராதம் எல்லாமே முதலாளி தலையில் என்கிறது. ஐக்கிய அரபு எமிரேட்ஸின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் (2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது) ஆள் எடுக்கிற செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது, அவனுடைய பாஸ்போர்ட் போன்ற தாள்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. எழுத்தில் எல்லாம் இருக்கிறது. எழுத்தில் இருப்பதற்கும் தெருவில் நடப்பதற்கும் உள்ள தூரம் நமக்கு ஒன்றும் புதிதல்லவே. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து எழுத்தில் இருக்கிறது.

இனி நம்ம தெருக்காரர் கதை. அவர் வேலை பார்த்தது நாற்பது பேர் கொண்ட ஒரு சின்ன காண்ட்ராக்ட் கம்பெனி. சவூதி அரசு 2018 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர் தலைக்கு மாதம் 400 ரியால் வரை வரி போட்டது. சொந்த நாட்டுக்காரர்களைவிட வெளிநாட்டுக்காரர்கள் அதிகமாக இருக்கிற கம்பெனிகளுக்கு இது 2019இல் 600, 2020இல் 800 என்று ஏறியது. நம்ம ஆளுக்குச் சம்பளம் 1,200 ரியால். சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு தலைவரி! இந்த ஏற்றம் ராத்திரியோடு ராத்திரியாக வந்ததல்ல. எந்த வருஷம் எவ்வளவு என்று முன்கூட்டியே அறிவித்து, படிப்படியாக ஏற்றப்பட்டது. முதலாளிக்குக் கணக்குப் போட நேரம் இருந்தது. கணக்குப் போட்டார், ஆட்களைக் குறைத்து முறையாகக் கணக்கு முடித்து ஊருக்கு அனுப்புவதைவிட, இக்காமாவைப் புதுப்பிக்காமல் அப்படியே வேலை வாங்குவது லாபம் என்று கண்டார். சொல்லவில்லை. சம்பளம் வந்துகொண்டிருந்தது, ஆனால் இக்காமா 2019 ஆகஸ்டிலேயே செத்துவிட்டது. நம்ம ஆளுக்கு அது தெரிந்தது வயிற்று வலிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது. கார்டைத் தேய்த்துப் பார்த்துவிட்டு கவுண்டரில் இருந்தவர் கையை விரித்தார்.

முதலாளியிடம் கேட்டதற்கு, "பார்க்கலாம், விதி மாறிக்கிட்டே இருக்கு" என்றாராம். அந்த ஊர்ப் பாஷையில் பார்க்கலாம் என்பதற்கு இன்ஷா அல்லாஹ் என்று சொல்வார்கள். இறைவன் பெயரால் எத்தனை பேர் இக்காமா புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்பதை இறைவன்தான் கணக்கெடுக்க வேண்டும்.

இக்காமா தாமதமானால் முதல் தடவை 500 ரியால் அபராதம், இரண்டாம் தடவை 1,000. மூன்றாம் தடவை? தொழிலாளியை நாடு கடத்துவது. புதுப்பிக்க வேண்டியவர் ஒருவர், நாடு கடத்தப்படுபவர் இன்னொருவர். இதை எந்தத் தர்மசாஸ்திரத்தில் படித்தோம் என்று தோழர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. தப்பு மேலே நடக்கும், தண்டனை கீழே இறங்கும்.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. 2021 மார்ச் 14இல் சவூதியில் ஒரு விதி மாறியது. முதலாளி இக்காமாவையோ வேலை அனுமதியையோ காலாவதியாக விட்டிருந்தால், அவர் சம்மதம் இல்லாமலே தொழிலாளி வேறு முதலாளியிடம் மாறிக்கொள்ளலாம் என்று ஒரு கதவு திறந்தது. நம்ம ஆள் அன்றைக்கு அங்கேதான் ஒரு அறையில் ஒளிந்திருந்தார். அவருக்கு அது தெரியாது. அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியாது. ஊரில் இருந்த எனக்கும் தெரியாது. 2021 மே மாதம் தூதரகத்தில் பெயர் எழுதி, வரிசையில் நின்று, தர்ஹீல் வழியாக வெறுங்கையோடு வந்து சேர்ந்தார். ஆக, விதி மாறுவது எப்போதும் நமக்கு எதிராகத்தான் என்பதும் சரியில்லை. சில நேரம் கதவு திறக்கிறது. திறந்த சத்தம் நம் காதுக்கு வருவதில்லை.

அதே அறையில் இன்னொருவர், கடலூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு அந்தக் கதவும் கிடையாது. அவர் போனது வீட்டு டிரைவர் விசாவில், பார்த்தது ஒரு குடோனில் மூட்டை தூக்குகிற வேலை. வீட்டு வேலைக்காரர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், விவசாயக் கூலிகள், ஆடு மேய்ப்பவர்கள் இவர்களெல்லாம் 2021 சீர்திருத்தத்துக்கு வெளியே. சீர்திருத்தம் என்று எது வந்தாலும் ஊருக்குள் வந்து நின்றுவிடுகிறது, சேரிக்குள் வருவதில்லை. அரபு நாட்டுக்கும் ஒரு சேரி இருக்கிறது, அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் 'வீட்டுப் பணியாளர் பிரிவு'.

கூட்டத்தில் பேசியவர்கள் சொன்னதில் ஒரு உண்மை இருக்கத்தான் செய்கிறது, மறுப்பதற்கில்லை. விதிகள் நிஜமாகவே தலைசுற்ற வைக்கின்றன. கத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் பெரும்பாலான தொழிலாளிகளுக்கு வெளியேறும் அனுமதி வேண்டாம் என்றார்கள், 2020இல் அதை வீட்டு வேலைக்காரர்களுக்கும் நீட்டினார்கள். அதே 2020இல் வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று வேண்டாம் என்றார்கள். 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். 2022 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு உலகமே கேமராவோடு வந்து நின்றதால் நடந்த மாற்றங்கள் இவை. ஓமான் 2021இல் தடையில்லாச் சான்றை எடுத்தது. பஹ்ரைன் 2017இல் முதலாளி இல்லாமலே இருக்கிற ஒரு அனுமதியைக் கொண்டுவந்து 2022இல் அதை மூடி வேறொன்று வைத்தது. சரி, காற்று ஒரு பக்கமாக அடிக்கிறது என்று நினைத்தால், குவைத் 2025 ஜூலை 1 முதல் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிற வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போக முதலாளியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று புதிதாகக் கொண்டுவருகிறது. பக்கத்து வீட்டில் கழற்றிய சங்கிலியை இங்கே எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரில் அதே 2025 ஜூலை 1 முதல் ஒர்க் பர்மிட்காரர் மொத்தம் இத்தனை வருஷம்தான் இருக்கலாம் என்ற வரம்பு போய்விட்டது, வயது வரம்பும் 63 ஆனது. ஐம்பத்தெட்டு வயது மேஸ்திரியை 'உனக்குக் காலம் முடிஞ்சிருச்சு' என்று எந்த ஏஜென்டாவது இன்று மிரட்டினால் அது பொய். அதே மாதம் 22ஆம் தேதி பிரிட்டன் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டது.

பிரிட்டனில் ஆள் எடுக்கிற முதலாளிக்கு ஒரு லைசென்ஸ் உண்டு. விதியை மீறினால் அது பறிபோகும். நல்லது. ஆனால் அவர் லைசென்ஸ் போனால் அவரிடம் வேலை பார்த்த பெண்ணுக்கு வழக்கமாக 60 நாள்தான் கெடு. அதற்குள் வேறு முதலாளியைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நடையைக் கட்ட வேண்டும். அனுமதியில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு அபராதம் தலைக்கு 45,000 பவுண்டு வரை, மறுபடி செய்தால் 60,000 என்று 2024 பிப்ரவரியில் ஏற்றினார்கள். எமிரேட்ஸிலும் 2024இல் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை என்று உயர்த்தினார்கள். முதலாளியைத் தண்டிக்கிற சட்டம் வந்தால் நாம் கை தட்டலாமா? கொஞ்சம் பொறுங்கள். அபராதம் ஏறினால் பல முதலாளிகள் செய்கிற முதல் வேலை, சந்தேகத்துக்குரிய தாள் வைத்திருக்கிறவனை ராத்திரியே வெளியே தள்ளுவது. தாள் சந்தேகத்துக்குரியதானது யாரால் என்று யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் நேற்று முளைத்த கொடுமை என்று மாணவத் தோழர்கள் நினைத்துவிடக் கூடாது. நம் பாட்டன்மார் பார்த்ததுதான். மலாயா ரப்பர் தோட்டங்களுக்குக் கங்காணி கூட்டிப்போன கூட்டத்தில் கணிசமானவர்கள் சேரிகளிலிருந்து போனவர்கள். 1957இல் அந்த நாடு விடுதலை அடைந்தபோது குடியுரிமைக்கு மனுப் போட வேண்டியிருந்தது. பிறந்த தாள் இல்லை, மொழித் தேர்வு, டவுனுக்குப் போக ஒரு நாள் கூலி நட்டம். பலர் மனுப் போடாமலே இருந்துவிட்டார்கள், இல்லை போட்டும் கிடைக்கவில்லை. கையில் சிவப்பு அடையாள அட்டையோடு தலைமுறையாகப் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பர்மிட் வாங்க வேண்டும். 1969 மே கலவரத்துக்குப் பின் அது இறுகியது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, அந்த மரத்தையே நட்டவனிடம், நீ வேலை செய்ய அனுமதி எங்கே என்று கேட்டார்கள். ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்று நூல்கள் கணக்குச் சொல்கின்றன.

அந்த நேரத்தில் தோட்ட நிர்வாகங்களிடம் ஆபீஸ் இருந்தது, கிராணி இருந்தார், டைப்ரைட்டர் இருந்தது, கோலாலம்பூரில் வக்கீல் இருந்தார். ஏற்றுமதி வரி ஒரு காசு மாறினால் மறுநாள் தெரியும். செக்ரோலில் எல்லார் பெயரும் இருந்தது. நினைத்திருந்தால் அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கலாம். அந்த அக்கறை எத்தனை ஆபீஸில் இருந்தது? பர்மிட் இல்லாதவன் மலிவானவன். நிரந்தரக் கூலிக்குப் பதிலாகக் காண்ட்ராக்ட் கூலி என்ற வழக்கம் தோட்டங்களில் வேர்பிடித்ததற்கு அந்த பர்மிட்டும் ஒரு காரணம். விதி தெரியாமை சில நேரம் சோம்பேறித்தனம், பல நேரம் வியாபாரம்.

தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தால் எவ்வளவு வேகமாகத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்த்தோமே. 2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க ஜனாதிபதி எச்-1பி விசாவுக்குப் புதிய மனுவொன்றுக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். ஞாயிறு அதிகாலை அமல். பெரிய பெரிய கம்பெனிகள் சில மணி நேரத்திலேயே தங்கள் ஆட்களுக்குச் செய்தி அனுப்பின: உள்ளே இருந்தால் வெளியே போகாதே, வெளியே இருந்தால் உடனே திரும்பு. விமான டிக்கெட் விலை ஏறியது. ஏற்கனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று மறுநாளே அரசு விளக்கம் சொன்னது. ஒரு ராத்திரிக்குள் உலகம் முழுக்க இருந்த ஆட்களைத் தேடிப் பிடித்துச் சொல்ல முடிந்திருக்கிறது! நம்ம ஊர்ப் பத்திரிகைகளும் ஒரு வாரம் அதைத்தான் எழுதின. குவைத்தில் ஊருக்குப் போக அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி வந்தபோது எத்தனை பத்திரிகை எத்தனை பத்தி எழுதியது என்று தேடிப் பாருங்கள். எச்-1பிக்காரர்மேல் எனக்கு வன்மம் இல்லை. அவருக்கும் வேலை போனால் 60 நாள்தான். ஆனால் அவருக்குக் கம்பெனி வக்கீல் இருக்கிறார், நம்ம ஆளுக்கு அறையில் ஆறு பேர்தான்.

நம் அரசாங்கம் என்ன செய்கிறது என்ற கேள்வி வரும். இந்தியாவில் இதற்கான சட்டம் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம். பத்தாம் வகுப்புத் தேறாதவன் பாஸ்போர்ட்டில் தனி முத்திரை. வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். பாதுகாப்பு தேவைதான், அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பத்தாவது தாண்ட முடியாமல் போனவன் யார், எந்தத் தெருவிலிருந்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து நின்றுபோனவன் என்று எண்ணிப் பார்த்தால் அந்த முத்திரையின் நிறம் தெரியும். அந்த அனுமதி வாங்குகிற நடை தெரியாததால் அவன் போகிற இடம் ஏஜென்ட். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான். எங்க தெருவில் ஒரு லட்சத்துக்குக் குறைவாகக் கொடுத்துப் போனவர் ஒருவரைக் காட்டுங்கள். அந்தப் பணத்துக்கு வட்டி கொடுப்பவரும் சப்-ஏஜென்டும் பல ஊரில் ஒரே குடும்பம், நிலம் வைத்திருக்கிற குடும்பம். முன்பு அவர் வயலில் பண்ணை வேலை, இப்போது அவர் மூலம் பாலைவனத்தில். தனி அனுமதியைத் தவிர்க்க விசிட் விசாவில் ஏற்றி, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுப்புகிறார்கள். மாற்றவில்லையென்றால் அவன் கணக்கிலேயே இல்லாத ஆள். இந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மசோதா ஒன்றின் வரைவை ஒன்றிய அரசு 2025இல் கருத்துக் கேட்டு வெளியிட்டது. நம் அமைப்புகளில் எத்தனை பேர் கருத்து எழுதி அனுப்பினோம்? நானும் அனுப்பவில்லை. முதலாளிக்கு மட்டும் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை இது.

சரி, முதலாளி என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டால், அந்த ஓட்டல் மாடியில் என்னைப் பேச விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. கம்பெனியில் ஒரு ஆளுக்கு, பெயர் சொல்லி, இது உன் பொறுப்பு என்று கொடு. எத்தனை பேர், எந்தத் தேதியில் யாருடைய அனுமதி முடிகிறது என்று ஒரு நோட்டில் எழுதிச் சுவரில் மாட்டு, மூன்று மாதம் முன்பே மனுப் போடு. விதியை ஏஜென்ட் வாயிலிருந்து கேட்காதே, அந்த நாட்டுத் தொழிலாளர் அமைச்சகம் வெளியிடுவதைப் படி, புரியவில்லையா, வக்கீலுக்குக் காசு கொடு. என்ன வேலைக்கு அனுமதி வாங்கினாயோ அந்த வேலையைக் கொடு, டிரைவர் விசாவில் மூட்டை தூக்கச் சொல்லாதே. கட்டணம் ஏறினால் உன் கணக்கில் எழுது, கூலியில் பிடிக்காதே. கட்ட முடியவில்லையா, அனுமதி உயிரோடு இருக்கும்போதே சொல்லு, கணக்கை முடித்து டிக்கெட் போட்டு அனுப்பு, இல்லை வேறு இடத்துக்கு மாறக் கையெழுத்துப் போடு. முக்கியமாக, விதி மாறிய வாரமே அவன் மொழியில் அவனுக்குச் சொல்லு. தமிழில், இந்தியில், வங்காளத்தில், நேபாளியில் நாலு வரி எழுதி மெஸ் சுவரில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? இதைக் கேட்டால் அவர்கள் சிரிப்பார்கள் என்று தெரியும். ஆள் எடுக்கும்போது மட்டும் நாலு மொழியிலும் நோட்டீஸ் அடிக்கத் தெரிகிறதே.

அவர்கள் செய்யும் வரை நாம் உட்கார்ந்திருக்க முடியாது. சவூதியில் இக்காமா உயிரோடு இருக்கிறதா என்பதைத் தொழிலாளியே போனில் அரசுச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். நம்ம ஆளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. வெளிநாட்டு முதலாளி பதிவானவரா, ஏஜென்டுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்பதை 2014இலிருந்து இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழ்நாடு அரசிடமே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று 1978இலிருந்து இருக்கிறது. நம் இரவுப் பாடசாலைகளில் இவற்றையும் வாரம் ஒரு மணி நேரம் நடத்தினால் என்ன கெட்டுவிடும்? கோட்பாடு பேச நமக்கு நேரம் இருக்கிறது, ஒரு பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லை என்றால் எங்கோ பிசகு இருக்கிறது.

தெருக்காரர் இப்போது உள்ளூரில் சித்தாள்களோடு வேலைக்குப் போகிறார். வட்டி இன்னும் முடியவில்லை. அவர் தம்பி சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கான டெஸ்டுக்கு ஒரு சென்டரில் பணம் கட்டியிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன்காரர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். முதல் பக்கத்தில் தம்பி பெயர், பாஸ்போர்ட் எண், அது முடிகிற தேதி எழுதச் சொன்னார். அடுத்த பக்கத்தில் பர்மிட் தேதிக்கு இடம் விடச் சொன்னார். மூன்றாம் பக்கத்திலிருந்து தெருவில் வெளிநாட்டில் இருக்கிற மற்றவர்கள் பெயர். பதினொன்று வந்தது. அதில் நான்கு பேருக்கு அனுமதி எப்போது முடிகிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ராத்திரி போன் போட்டுக் கேட்க வேண்டும்.